காரில் தொங்கவிட ஓர் அரளிப்பூ: குரோஷா புதிதாகப் பழகுவோருக்கு

மதுரையிலிருந்து வரும் நான்குவழிச் சாலையில் கயத்தாறு தாண்டித் திருநெல்வேலியை நெருங்குகிறவர்கள், நடுத்திட்டில் வரிசையாக நிற்கும் அரளிச் செடிகளைப் பார்த்திருப்பார்கள். ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கொளியை ஓரளவு மறைத்துக் கொடுக்கும் என்பதால் நெடுஞ்சாலைகளில் அதை நட்டு வளர்க்கிறார்கள். ஐந்தே இதழ், அகன்ற வாய், ஒரே நிறம் என்ற எளிய அமைப்புடையது என்பதால், கொக்கி முனையால் நூலைப் பின்னுகிற குரோஷா ஊசியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர் பின்னிப் பழகுவதற்கும் அதைவிடப் பொருத்தமான பூ எனக்குத் தெரிந்து வேறில்லை. காரின் உள்கண்ணாடியில் தொங்கவிடத் தக்க ஒரு சிறிய செவ்வரளியை, இரண்டு இலைகளும் ஒரு குஞ்சமும் சேர்த்து எப்படிப் பின்னுவது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பின்னலே அறியாதவருக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் பிடிக்கும். அதில் முதல் மாலை முழுவதும் பிரித்துப் பிரித்துப் பின்னுவதிலேயே போய்விடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மேசை விரிப்பின் மூலையில் தைக்கிற பூவுக்கும் காரில் தொங்குகிற பூவுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. என் முதல் கார்ப் பூவை அண்ணனுடைய வண்டியில்தான் மாட்டினேன். பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போய்ச் சேர்வதற்குள் அது நூலில் முறுக்கேறிப் பத்து முறையாவது திரும்பியிருக்கும். வண்டியை நிறுத்தியதும் அண்ணன் சொன்னது இதுதான்: "ஏட்டி, எனக்குப் பூவோட முதுகுல்லா தெரியுது." உண்மைதான். நூல்முடிச்சுகளும் வெட்டிவிட்ட நுனிகளும் நிறம் மாறிய இடமும் அவர் பக்கம் பார்த்திருந்தன, முகம் முன்கண்ணாடியைப் பார்த்திருந்தது. தொங்குகிற பொருள் எந்தப் பக்கம் நிற்கும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே காரில் தொங்கும் பூவுக்கு முதுகு இருக்கக் கூடாது. ஒரே மாதிரியான இரண்டு பூக்களைப் பின்னி, முதுகோடு முதுகு வைத்து ஓரம் தைத்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். கயிறு, இலைக்காம்பு, குஞ்சத்தின் நூல் ஆகிய எல்லாம் அந்த இரண்டு பூக்களுக்கு இடையில் ஒளிந்துகொள்ளும். கீழே சொல்லப்போகும் முறை முழுவதும் இந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது.

ஊசியும் நூலும்

திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளைச் சுற்றியுள்ள தையல் சாமான் கடைகளிலும் பெரிய ஃபேன்சி ஸ்டோர்களிலும் குரோஷா ஊசி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு வகை ஊசிகள் இருக்கின்றன. தைக்கிற நூலைப் போன்ற மெல்லிய நூலில் பின்னுவதற்கான எஃகு ஊசியின் கொக்கி மிகச் சிறியது. புதியவர்களுக்கு அது கண்ணுக்கும் விரலுக்கும் துன்பம். அலுமினியத்தில் வருகிற, கட்டைவிரல் பதிக்கும் தட்டையான இடத்தில் மில்லிமீட்டர் அளவு பொறித்த ஊசியைக் கேட்டு வாங்குங்கள். நமக்கு வேண்டியது 2.5 மி.மீ. ஊசி. என் ஆச்சி பழைய குடைக்கம்பியின் நுனியை அரத்தால் ராவிக் கொக்கி செய்து வைத்திருந்தாள். அதில் பின்னிய திரைச்சீலை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது என்றாலும், பழகும்போது வழவழப்பான ஊசியே நல்லது.

நூலைப் பொறுத்தவரை, நாலு இழை முறுக்கிய மில்க் காட்டன் நூல் போதும். இதில் ரோஜா நிறம், மஞ்சள், பச்சை என்று மூன்று சிறிய உருண்டைகள் வேண்டும். ஒரு பூவுக்குச் செலவாவது மொத்தமாகவே ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் என்பதால், மீதி நூலில் இன்னும் பல பூக்கள் வரும். முழுப் பருத்தி நூலில் இதழின் வடிவம் தெளிவாக நிற்கும்; ஆனால் சாயம் போட்ட பருத்தி வெயிலில் வெளுக்கும். முழு அக்ரிலிக் நூல் வெயிலைப் பருத்தியைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் பின்னிய இதழ் மெத்தென்று தொய்ந்து நிற்கும், நாளடைவில் சிறு சிறு பஞ்சுமணிகள் கிளம்பும். பருத்தியும் செயற்கை இழையும் கலந்து வருகிற மில்க் காட்டன் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால்தான் அதைச் சொல்கிறேன். தூக்கிப் பார்த்து, உருண்டைக்குள் இழை பிரிந்து நிற்காத நூலாகத் தேர்ந்தெடுங்கள். இழை பிரியும் நூலில் கொக்கி பாதி இழையை மட்டும் பிடித்துக்கொண்டு வரும், பழகுபவருக்கு அதைவிட எரிச்சல் தருவது வேறொன்றும் இல்லை.

இவை தவிர ஒரு கத்தரிக்கோல், காது பெரிதாகவும் முனை மழுங்கியும் உள்ள ஓர் ஊசி, ஓர் அளவுகோல் ஆகியவை வேண்டும். பசை வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், குரோஷா என்றதும் இடையன்குடி லேஸைப் பற்றிப் பேச்சு வரலாம். ராபர்ட் கால்டுவெல்லை 1844ஆம் ஆண்டில் மணந்த எலிசா, தம் தாயார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் கற்பித்து வந்த லேஸ் பின்னலை இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார் என்பது இந்தப் பக்கத்தில் பலரும் அறிந்த செய்தி. ஆனால் அது தலையணை போன்ற திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, பல கட்டைகளில் சுற்றிய பல நூல்களைக் குறுக்கும் நெடுக்கும் மாற்றிப் பின்னுகிற வேலை. குரோஷாவில் ஓர் ஊசி, ஒரு நூல், ஒவ்வொரு பின்னல் முடியும்போதும் ஊசியில் ஒரே ஒரு வளையம். தப்பானால் ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் போதும், பின்னியது முழுவதும் பிரிந்துவிடும். பழகுபவருக்கு இது பெரிய ஆறுதல்.

கை பழகுதல்

ஊசியை வலது கையில் பேனா பிடிப்பது போலவோ கரண்டி பிடிப்பது போலவோ பிடிக்கலாம். எது இயல்பாக வருகிறதோ அதுவே சரி. கடினமானது இடது கைதான். உருண்டையிலிருந்து வரும் நூல் சுண்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றி, நடு இரண்டு விரல்களுக்கு அடியில் போய், ஆட்காட்டி விரலின் மேல் ஏறி ஊசிக்கு வர வேண்டும். ஆட்காட்டி விரலைச் சற்றே உயர்த்தினால் நூல் விறைக்கும், தாழ்த்தினால் தளரும். வாழைநாரில் பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: இறுக்கினால் காம்பு அறும், தளர்த்தினால் பூ உதிரும், இரண்டுக்கும் இடையில் ஒரு பதம் இருக்கிறது என்பது அந்த விரல்களுக்கு முன்பே தெரியும். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் பூக்கட்டும் பழக்கம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட விரைவாகவே நூலின் பதத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசியின் மேல் ஒரு முறை சுற்றி, கொக்கியால் பிடித்து, ஊசியில் இருக்கும் வளையத்தின் வழியே உருவினால் ஒரு செயின். அதையே திரும்பத் திரும்பச் செய்தால் சடை போன்ற ஒரு கயிறு நீளும். முப்பது செயின் போட்டுவிட்டுப் பாருங்கள்: முதல் பத்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும், கடைசிப் பத்து ஓரளவு ஒத்திருக்கும். ஒத்துவரும் வரை பிரித்துப் போடுங்கள்.

அடுத்தது சிங்கிள். பின்னலில் உள்ள ஒரு கண்ணிக்குள், அதாவது முன்பு போட்ட ஒரு வளையத்துக்குள், ஊசியை நுழைத்து நூலைப் பிடித்து இழுத்தால் ஊசியில் இரண்டு வளையங்கள் நிற்கும். மறுபடி நூலைச் சுற்றி அந்த இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பில் உருவினால் ஒரு சிங்கிள் முடிந்தது. டபுள் இதைவிட உயரமானது. கண்ணிக்குள் நுழைப்பதற்கு முன்பே நூலை ஊசியில் ஒரு முறை சுற்றிக்கொள்ள வேண்டும். பிறகு நுழைத்து இழுத்தால் ஊசியில் மூன்று வளையங்கள் இருக்கும்; நூலைச் சுற்றி முதல் இரண்டின் வழியே உருவினால் இரண்டு மிஞ்சும்; மறுபடி சுற்றி அந்த இரண்டின் வழியே உருவினால் ஒன்று மிஞ்சும். ஸ்லிப் என்பது இவற்றில் மிகக் குட்டையானது: கண்ணிக்குள் நுழைத்து, நூலைப் பிடித்து, கண்ணியையும் ஊசியிலுள்ள வளையத்தையும் சேர்த்தே ஒரே இழுப்பில் கடந்து வந்துவிடுவது. இந்த நான்கு மட்டும் தெரிந்தால் நம் பூவை முடித்துவிடலாம்.

காணொளி பார்த்துப் பழகுவோருக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்க முறையில் சிங்கிள் என்று சொல்வதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் என்கிறார்கள். அமெரிக்க டபுளுக்கு அங்கே ட்ரெபிள் என்று பெயர். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருவதால், பூ எதிர்பார்த்ததில் பாதி அளவுக்குச் சுருங்கிப்போய் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். காணொளியில் எங்காவது சிங்கிள் என்ற சொல் காதில் விழுந்தால் அது அமெரிக்க முறை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பிரிட்டிஷ் முறையில் அந்தச் சொல்லே கிடையாது. இந்தக் கட்டுரை அமெரிக்க முறையையே பின்பற்றுகிறது.

பூவின் நடு

மஞ்சள் நூலில் தொடங்குகிறோம். நூலின் நுனியில் ஒரு சாண் அளவு விட்டுவிட்டு, இடது கையின் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்து, நூல் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காக வரும்படி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். குறுக்கிட்ட இரண்டு இழைகளில், முதல் இழைக்கு அடியில் ஊசியை நுழைத்து, உருண்டையிலிருந்து வரும் இரண்டாவது இழையைப் பிடித்து வெளியே இழுத்து, ஒரு செயின் போட்டுப் பூட்டுங்கள். இதற்கு மேஜிக் ரிங் என்று பெயர். விரலிலிருந்து கழற்றும்போது ஒரு தளர்ந்த வளையமும், அதன் பக்கத்தில் விட்டுவைத்த நுனியும் இருக்கும். இந்த வளையத்துக்குள், நுனி நூலையும் சேர்த்து அணைத்தபடி பத்து சிங்கிள் போட வேண்டும். பத்தும் முடிந்தபின் நுனியைப் பிடித்து இழுத்தால், பணப்பையின் சுருக்குக் கயிற்றை இழுத்தது போல வளையம் மூடிக்கொண்டு, நடுவில் துளையே தெரியாத ஒரு சிறு வட்டம் கிடைக்கும். கடைசிக் கண்ணியை முதல் சிங்கிளோடு ஒரு ஸ்லிப் போட்டு இணைத்து, நூலை வெட்டி, வளையத்தின் வழியே உருவி இறுக்கிவிடுங்கள்.

மேஜிக் ரிங் வராதவர்கள் நான்கு செயின் போட்டு ஸ்லிப்பால் வட்டமாக்கி அதற்குள் பின்னலாம். நடுவில் ஒரு சிறு துளை தெரியும், அவ்வளவுதான். இரண்டு பூக்களை ஒட்டித் தைக்கும்போது அந்தத் துளையும் பின்னால் உள்ள பூவால் அடைபட்டுவிடும்.

இங்கே எண்ணிக்கை மட்டும் தப்பக் கூடாது. வட்டத்தின் ஓரத்தைப் பார்த்தால் சிறிய சடை ஒன்று சுற்றி ஓடுவது போலத் தெரியும். அந்தச் சடையின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு கண்ணி. பத்து இருக்க வேண்டும். பழகுபவர்கள் பெரும்பாலும் சுற்றை இணைத்த ஸ்லிப்பையும் ஒரு கண்ணியாக எண்ணிப் பதினொன்று என்கிறார்கள், அல்லது முதல் கண்ணி இறுகி மறைந்துபோய் ஒன்பது என்கிறார்கள். ஒன்பதில் தொடங்கினால் நாலரை இதழ் வரும். நாலரை இதழோடு அரளி எந்தச் செடியிலும் பூப்பதில்லை.

உண்மையான செவ்வரளியின் நடுவில் இவ்வளவு மஞ்சள் இருக்காது என்பதை அறிந்தேதான் சொல்கிறேன். ரோஜா நிறத்திலேயே நடுவையும் பின்னினால் தொலைவிலிருந்து அது பூவாகவே தெரியாமல் ஒரு சிவந்த பொட்டாகத் தெரிகிறது. மஞ்சள் வைத்தால் பின்சீட்டில் இருப்பவருக்கும் பூ என்று தெரியும்.

இதழ்கள்

ரோஜா நிற நூலில் சுருக்கு முடிச்சுப் போட்டு ஊசியில் மாட்டி, மஞ்சள் வட்டத்தின் எந்தக் கண்ணியிலாவது நுழைத்து ஒரு ஸ்லிப்பால் இணையுங்கள். ஊசியை நுழைக்கும்போது சடையின் இரண்டு இழைகளுக்கும் அடியில் நுழைய வேண்டும். ஓர் இழையை மட்டும் பிடித்தால் இதழ் பின்னால் சாய்ந்துவிடும்.

ஒவ்வோர் இதழும் இரண்டு கண்ணிகளில் உட்காரும். இணைத்த அதே கண்ணியில் இரண்டு செயின் போட்டு, தொடர்ந்து இரண்டு டபுள் போடுங்கள். அடுத்த கண்ணிக்குப் போய் அதில் இரண்டு டபுள் போட்டு, இரண்டு செயின் இறங்கி, அதே கண்ணியில் ஒரு ஸ்லிப் போட்டு முடியுங்கள். ஓர் இதழ் வந்துவிட்டது. அதற்கடுத்த கண்ணியில் ஒரு ஸ்லிப் போட்டால் இரண்டாம் இதழின் தொடக்கத்தில் நிற்பீர்கள். மறுபடி இரண்டு செயின், இரண்டு டபுள் என்று போய்க்கொண்டிருங்கள். ஐந்தாவது இதழ் முடியும்போது பத்துக் கண்ணிகளும் தீர்ந்திருக்கும். தொடங்கிய இடத்தில் ஒரு ஸ்லிப் போட்டு, நூலை வெட்டி உருவி இறுக்குங்கள். முதல் பூவில் நுனியைச் சிறிதாக விட்டால் போதும். இரண்டாவது பூவில் மட்டும் இரண்டு முழ நீளம் விட்டு வெட்டுங்கள். ஓரம் தைப்பதற்கு அதுதான் நூல்.

பூ ஏறத்தாழ 4 செ.மீ. குறுக்களவு வரும். சற்றே பெரிதாக வேண்டுமானால், இதழின் நடுவில் வரும் இரண்டு டபுள்களுக்குப் பதிலாக, தொடங்கும் முன் நூலை இரண்டு முறை சுற்றிக்கொண்டு இரண்டிரண்டாக மூன்று முறை உருவுகிற ட்ரெபிள் போடலாம். இதழ் கொஞ்சம் கூர்ந்து நீளும்.

பின்னி முடித்த பூ தட்டையாக இல்லாமல் கிண்ணம் போலக் குழிந்து நின்றால், கை இறுக்கம் என்று பொருள்; ஊசியை 3 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். இதழ்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி அலையலையாக நின்றால் நூல் தளர்ந்திருக்கிறது.

அரளியைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு ஒன்று தோன்றலாம். அதன் இதழ்கள் காற்றாடியின் இறக்கைகள் போல ஒரே பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். அதைப் பின்னலில் கொண்டுவர முடியாதா என்று கேட்கலாம். முடியும், நானே முயன்றும் பார்த்தேன். தனிப் பூவாக மிக அழகாக வந்தது. இரண்டு பூக்களை முதுகோடு முதுகு வைத்தபோதுதான், ஒன்றின் சாய்வு வலமாகவும் மற்றதன் சாய்வு இடமாகவும் போய், எந்த ஓரமும் எந்த ஓரத்தோடும் பொருந்தவில்லை என்பது தெரிந்தது. இரு பக்கமும் ஒத்த இதழாக வைத்ததற்கு அதுதான் காரணம்.

இலை, கயிறு, குஞ்சம்

அரளி இலை நீண்டு குறுகியது என்பதால் சிங்கிள் மட்டுமே போதும். பச்சை நூலில் பத்து செயின் போடுங்கள். ஊசியை ஒட்டிய செயினை விட்டு, அடுத்ததில் ஒரு ஸ்லிப், தொடர்ந்து ஏழு செயின்களில் ஏழு சிங்கிள், கடைசிச் செயினில் மூன்று சிங்கிள். இந்த மூன்றும் பின்னலை வளைத்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். அங்கே அதே ஏழு செயின்களின் அடிப்பக்கத்தில் ஏழு சிங்கிள் போட்டு, நுனியில் ஒரு ஸ்லிப்போடு நிறுத்துங்கள். மூன்று சிங்கிள் போட்ட பக்கம் அகன்றிருப்பதால் அதைக் காம்புப் பக்கமாகவும், ஸ்லிப்பில் முடிந்த கூர்ந்த பக்கத்தை வெளி நுனியாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி இரண்டு இலைகள்.

கயிற்றில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். உள்கண்ணாடியின் தண்டு ஒரு முனையில் முன்கண்ணாடியிலோ கூரையிலோ பதிந்திருக்கும், மறு முனையில் உள்கண்ணாடியோடு சேர்ந்திருக்கும். அதன் மேல் எதையும் மேலிருந்து போட்டு மாட்ட முடியாது. கயிற்றைத் தண்டின் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, கயிற்றின் வளையத்துக்குள்ளேயே பூவை நுழைத்து இழுத்தால்தான் அது தண்டில் பூட்டிக்கொண்டு நிற்கும். எனவே வளையம், பூவும் இலைகளும் மடங்கிக்கொண்டாவது நுழையும் அளவு பெரிதாக இருந்தாக வேண்டும். அழகாக இருக்கிறதே என்று விரல் நுழையும் அளவு சிறு வளையம் பின்னிவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்து விழித்த அனுபவம் எனக்கும் உண்டு.

பின்னுவதற்கு முன் ஒரு துண்டு நூலை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போய், அதை இரட்டையாக மடித்து, தண்டில் மேலே சொன்ன முறையில் மாட்டிப் பாருங்கள். நூலின் நுனி, கண்ணாடியின் அடி விளிம்புக்குக் கீழே 1 அல்லது 2 செ.மீ. வந்தால் போதும், அங்கிருந்துதான் பூ தொடங்கும். என் வண்டிக்கு 40 செயின் சரியாக இருந்தது. செயின் போட்டு முடித்ததும், ஊசியை ஒட்டிய ஒன்றை விட்டுவிட்டு, வந்த வழியே ஒவ்வொரு செயினிலும் ஒரு ஸ்லிப் போட்டுக்கொண்டு திரும்புங்கள். வெறும் செயின் கயிறு நாளாக நாளாக நீளும். ஸ்லிப் போட்ட கயிறு நீளாது, முறுக்கிக்கொள்வதும் குறையும்.

குஞ்சம் செய்வது சடைக்குஞ்சம் பார்த்த ஊரில் யாருக்கும் புதிதன்று. ரோஜா நூலை இரண்டு விரல்களில் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி, மேல்பக்கத்தில் ஒரு தனி நூலைக் கோத்துக் கட்டி, விரலிலிருந்து எடுத்து, கட்டிய இடத்துக்கு அரை செ.மீ. கீழே கழுத்துப் போல இன்னொரு நூலால் நான்கைந்து சுற்றுச் சுற்றி முடிந்து, அடிப்பக்க வளையங்களை வெட்டிவிட வேண்டும். மொத்த நீளம் 2.5 செ.மீ. இருக்கும்படி கத்தரித்துவிடுங்கள். குஞ்சத்தின் வேலை அழகு மட்டுமில்லை. அந்தச் சிறு எடை பூவை நேராகத் தொங்க வைக்கிறது. மணி, சலங்கை, கண்ணாடிப் பாசி எதையும் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. சலங்கை கட்டிய ஒன்றை மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் வளைவுகளில் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் மறுநாளே அதைக் கழற்றிவிடுவார்கள். திடீரென்று பிரேக் போடும்போது கெட்டியான பொருள் முன்கண்ணாடியில் போய் இடிக்கவும் செய்யும்.

சேர்த்துத் தைத்தல்

நூல் நுனிகளை முதலில் அடக்க வேண்டும். மழுங்கிய ஊசியில் ஒவ்வொரு நுனியையும் கோத்து, பூவின் பின்பக்கத்தில் கண்ணிகளுக்கு அடியில் ஒரு பக்கமாக 2 செ.மீ. ஓட்டி, திரும்ப எதிர்ப்பக்கமாக ஓட்டி வெட்டுங்கள். முடிச்சுப் போட்டு வெட்டினால் முடிச்சு நாளடைவில் நழுவும். இரண்டாவது பூவின் நீண்ட ரோஜா நுனியை மட்டும் வெட்டாமல் வைத்திருங்கள்.

பின்பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டு பூக்களையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, இதழுக்கு இதழ் பொருத்துங்கள். மேலே ஓர் இதழ் நேராக நிற்க வேண்டும். எதிரே, அடியில் இரண்டு இதழ்களுக்கு இடைப்பட்ட பள்ளம் வரும். கயிற்றின் இரண்டு முனைகளையும் சேர்த்து மேல் இதழுக்குள் 1.5 செ.மீ. உள்ளே போகும்படி வைத்து, பின்பக்கப் பூவோடு நான்கு தையல் போட்டு நிறுத்துங்கள். மேல் இதழின் இரு பக்கப் பள்ளங்களிலும் இலைக்காம்புகள், அடிப் பள்ளத்தில் குஞ்சத்தின் நூல். எல்லாம் பின்பக்கப் பூவோடு பிடிப்பாகத் தைக்கப்பட்ட பிறகு, நீண்ட ரோஜா நுனியை ஊசியில் கோத்து, இரு பூக்களின் இதழ் ஓரங்களையும் சேர்த்து விளிம்புத் தையலாகச் சுற்றி வாருங்கள். ஒவ்வோர் இதழின் விளிம்பிலும் எட்டுத் தையல் போல வரும். ரோஜா மேல் ரோஜா என்பதால் தையல் கண்ணுக்குத் தெரியாது.

பசை வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா? தைக்கச் சோம்பல்பட்டு ஒரு முறை சூட்டுப் பசைத் துப்பாக்கியால் இரண்டு பூக்களையும் ஒட்டினேன். ஒரு சித்திரை மாத நண்பகலில் ஜங்ஷன் பக்கம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தபோது, கயிறு மட்டும் கண்ணாடியில் தொங்கியது. பூக்கள் பிரிந்து டாஷ்போர்டில் கிடந்தன. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். சூட்டில் உருக்கி ஒட்டுகிற பசை அந்த வெப்பத்தில் இளகிவிடுகிறது. இதே காரணத்துக்காக, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கொக்கியையும் நான் நம்புவதில்லை.

இதழ் விறைப்பாக நிற்க வேண்டும் என்று கஞ்சி போடுவோரும் உண்டு. வடிகஞ்சியில் முக்கிய பூவில் இரண்டே மாதத்தில் சிறு பூச்சிகள் வந்ததைப் பார்த்தபின் நான் அதை விட்டுவிட்டேன். இரட்டைப் பூவாகத் தைத்தாலே போதிய விறைப்பு வந்துவிடுகிறது.

மாட்டும் இடம்

உள்கண்ணாடிக்குக் கீழே தொங்குவது, குஞ்சம் உட்பட, ஓர் ஆட்காட்டி விரல் நீளத்தைத் தாண்டக் கூடாது. நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், கண்ணாடியில் தொங்கும் எதுவும் அவருடைய இடப்பக்கப் பார்வையில்தான் குறுக்கே நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கண்ணிலிருந்து 60 செ.மீ. தொலைவில் தொங்கும் 5 செ.மீ. அகலமுள்ள பொருள், 12 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் அகலத்தை ஒரு கண்ணுக்கு மறைக்கிறது. வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் இடப்புறமிருந்து நுழையும் இருசக்கர வண்டி அந்த ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இரண்டு கண்களும் சேர்ந்து பார்க்கும்போது மறைப்புக் குறையும் என்றாலும், ஆடுகிற பொருள் கண்ணை இழுக்கும். எனவே மாட்டியபின் ஓட்டுபவரை அவர் இருக்கையில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். குறுக்கே நிற்கிறது என்று அவர் சொன்னால் கயிற்றைக் குறையுங்கள். அப்போதும் உறுத்தினால், பின்சீட்டுக்கு மேலே உள்ள கைப்பிடியில் மாட்டிவிடுங்கள். எடை இல்லாத நூல்பூ என்பதால் அங்கே அது யாருக்கும் இடைஞ்சல் தராது. கண்ணாடிக்குப் பின்னால் கேமராவோ மழை உணரும் கருவியோ உள்ள வண்டியாக இருந்தால், முதலிலேயே கைப்பிடிதான் இடம்.

காற்று இன்னொரு சங்கதி. ஜன்னலை இறக்கிவிட்டு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே வண்டிக்குள் எதுவும் சும்மா தொங்காது. கயிறு குட்டையாக இருந்தால் ஆட்டமும் குறைவு.

சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் அடிக்கடி போகும் வண்டியில் தேரிமண் தூசி படிந்து, ரோஜா நிறப் பூ சில வாரங்களிலேயே செங்கல் நிறத்துக்கு வரும். கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் சில துளி ஷாம்பூ விட்டு ஊறவைத்து, பிழியாமல் துண்டில் வைத்து அழுத்தி நீரெடுத்து, இதழ்களைக் கையால் விரித்து நிழலில் காயவிடுங்கள். காய்ந்தபின் குஞ்சத்தைப் பழைய சீப்பால் ஒரு முறை வாரிவிட்டு மாட்டினால் போதும். நிறம் வெளுப்பதை மட்டும் தடுக்க முடியாது. முன்கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் ரோஜா நிறம்தான் முதலில் போகும்; என்னுடையது ஒரு கோடை தாண்டியதும் வெள்ளரளி ஆகிவிட்டது. மஞ்சள் நடுவும் பச்சை இலையும் நன்றாகவே இருந்ததால், ஓரத் தையலைப் பிரித்து, இரண்டு பூக்களை மட்டும் புதிதாகப் பின்னி, பழைய கயிற்றையும் இலைகளையும் வைத்தே மறுபடி தைத்துவிட்டேன்.